வீட்டுக்கு இரண்டு தவணைகள்

வீட்டுக் கடன் வேண்டி வருபவர் எங்கள் மேசைக்கு எதிரே அமர்ந்ததும் முதலில் கேட்பது வட்டி விகிதம். அடுத்து, மாதத் தவணை எவ்வளவு என்பார். அதற்கும் அடுத்து, கடன் எத்தனை ஆண்டுகளில் தீரும் என்பார். கடன் பிரிவில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதை வாடிக்கையாளரும் கேட்பதில்லை. எங்களில் பலரும் கேட்பதில்லை. "அந்தக் குடியிருப்பில் மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு? அதில் எதிர்காலச் செலவுக்கென ஒதுக்கப்படுவது எவ்வளவு?" என்பதே அக்கேள்வி.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்குபவருக்கு உண்மையில் இரண்டு தவணைகள் உள்ளன. ஒன்று வங்கிக்குச் செலுத்துவது. அதற்கு ஒரு முடிவு நாள் உண்டு. மற்றொன்று உரிமையாளர் சங்கத்துக்குச் செலுத்துவது. அதற்கு முடிவு நாள் கிடையாது. ஆண்டுதோறும் உயரவும் செய்யும். முதல் தவணையை நாணயம் நாணயமாக எண்ணிப் பார்க்கும் நாம், இரண்டாவதைப் பற்றி ஒரே ஒரு எண்ணத்துடன் நின்றுவிடுகிறோம்: "குறைவாக இருந்தால் நல்லது." இந்த எண்ணம் தவறானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சொந்தப் பணத்தை இழந்து கற்றுக்கொண்டேன்.

எனக்கு நேர்ந்தது

2014 ஆம் ஆண்டு, மும்பையின் புறநகர் ஒன்றில் பணியில் இருந்தபோது, பழைய குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கினேன். 1992 இல் கட்டப்பட்ட கட்டடம், நாற்பத்தெட்டு வீடுகள். அதே தெருவில் நான் பார்த்த இன்னொரு குடியிருப்பில் மாதப் பராமரிப்பு ரூ. 3,600. இங்கோ ரூ. 1,800 மட்டும். பாதிக்குப் பாதி மிச்சம் என்று மகிழ்ந்தேன். வீட்டுப் பத்திரங்களை வரிவரியாகப் படித்தேன், வில்லங்கம் பார்த்தேன், சங்கத்தின் இருப்புநிலைக் குறிப்பைக் கேட்டு வாங்க மட்டும் தோன்றவில்லை. நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்பைப் படித்துக் கடன் பரிந்துரைப்பது என் தொழில். வணிகவியல் பட்டப்படிப்பில் தேய்மானத்தையும், சொத்தை மாற்றுவதற்கென ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் நிதியையும் பக்கம் பக்கமாக எழுதித் தேர்ச்சி பெற்றவன். இருந்தும், நான் வாங்கிய கட்டடமும் தேயும் என்பது என் நினைவுக்கு வரவில்லை.

2018 இல் சிறப்புப் பொதுக்குழு கூடியது. இரண்டு மின்தூக்கிகளும் இனிப் பழுது பார்க்கத் தகுதியற்றவை. மொட்டை மாடியில் நீர்க்கசிவு. கீழிருந்து மேல்வரை செல்லும் கழிவுநீர்க் குழாய்கள் துருப்பிடித்துவிட்டன. மொத்தச் செலவு மதிப்பீடு ரூ. 62,40,000. சங்கத்தின் சேமிப்பில் இருந்த சொற்பத் தொகையை அவசரத் தேவைக்கு வைத்துக்கொண்டு, செலவு முழுவதையும் வீடுகளுக்குச் சமமாகப் பிரித்தார்கள். வீட்டுக்கு ரூ. 1,30,000, மூன்று மாதங்களுக்குள் கட்ட வேண்டும்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து பழைய மாதக் கட்டணச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ரூ. 1,800 இல் காவலாளி, துப்புரவு, தண்ணீர், பொது மின்சாரம் ஆகியவை இருந்தன. எதிர்கால நிதிக்கென்று ஐம்பது ரூபாய் இருந்தது. ஆண்டுதோறும் கட்டணத்தை உயர்த்தலாம் என்று தீர்மானம் வரும், எதிர்ப்பு எழும், "சென்ற ஆண்டுக் கட்டணமே தொடரும்" என்று அறிவித்ததும் கைதட்டல் கேட்கும். நான்கு ஆண்டுகள் நானும் கைதட்டியவர்களில் ஒருவன்.

எங்கள் வீட்டுக்கு நேர் மேல்தளத்தில், ரயில்வேயில் பணியாற்றி மறைந்தவரின் மனைவி தனியாக வசித்தார். குடும்ப ஓய்வூதியமே அவருக்கு வருமானம். கூட்டம் முடிந்த மறுவாரம் அவர் எங்கள் கிளைக்கு வந்து, முதிர்வுக்கு இன்னும் பதினாறு மாதங்கள் இருந்த வைப்புத்தொகையை முன்கூட்டியே முறித்துத் தரும்படி கேட்டார். படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். "கடன் 2009லயே முடிஞ்சு போச்சு தம்பி. இனிமே இது என் வீடுன்னு நெனச்சேன். இப்போ திரும்பவும் முதல்லேந்து கட்டச் சொல்றாங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் கையொப்பமிட வேண்டிய இடத்தை மட்டும் காட்டினேன்.

மலிவின் உண்மையான விலை

பிறகு ஒரு கணக்குப் போட்டேன். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரித் துணைவிதிகள், ஒவ்வொரு வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.25 விழுக்காட்டை மூலதன மாற்று நிதிக்கும், 0.75 விழுக்காட்டைப் பழுதுபார்ப்பு நிதிக்கும் வசூலிக்கச் சொல்கின்றன. முதல் நிதியைச் சீட்டில் 'சிங்கிங் ஃபண்ட்' என்று அச்சிட்டிருப்பார்கள். எங்கள் கட்டடம் கட்டப்பட்ட காலத்தில் ஒரு வீட்டின் கட்டுமானச் செலவு ஏறத்தாழ ஆறு லட்சம் ரூபாய். இரண்டு நிதிகளுக்கும் சேர்த்து ஒரு விழுக்காடு என்றால் ஆண்டுக்கு ரூ. 6,000, மாதத்துக்கு ரூ. 500. இருபத்தாறு ஆண்டுகளில் அது, வட்டியைச் சேர்க்காமலே, வீட்டுக்கு ரூ. 1,56,000 ஆகியிருக்கும். எங்களிடம் ஒரே நாளில் கேட்கப்பட்ட தொகையைவிட இது அதிகம்.

மாதம் ஐந்நூறு ரூபாயைக் கொடுக்க மறுத்த குடியிருப்பு, ஒன்றே கால் லட்சத்துக்கும் மேல் ஒரே மூச்சில் கொடுத்தது. அதிலும் ஓர் அநீதி உண்டு. இருபது ஆண்டுகள் அந்த மின்தூக்கியில் ஏறி இறங்கி, 2013 இல் வீட்டை விற்றுச் சென்றவர் ஒரு காசும் தரவில்லை. 2017 இல் புதிதாக வந்தவர் முழுத் தொகையையும் தந்தார். குறைந்த கட்டணம் என்பது பல நேரங்களில் இன்றைய குடியிருப்போர் நாளைய குடியிருப்போர் மீது எழுதி வைக்கும் கடன். அதற்குப் பத்திரமும் கிடையாது. வில்லங்கச் சான்றிதழிலும் அது வராது.

ஆகவே, ஒரு குடியிருப்பின் கட்டணம் குறைவு என்று கேள்விப்பட்டால் அடுத்து எழ வேண்டிய கேள்வி, "எதைச் செய்யாமல் விட்டதால் குறைவு?" என்பதே. சிக்கனமான நிர்வாகத்தால் குறைவாக இருக்கலாம். அப்படிப்பட்ட சங்கங்களும் உண்டு. நிதி ஒதுக்காததாலும் குறைவாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது கணக்குப் புத்தகம் ஒன்றே.

கட்டணம் எப்படிப் பிரிக்கப்படுகிறது?

இந்தியா முழுமைக்கும் ஒரே முறை கிடையாது. மகாராஷ்டிரத்தின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில், காவல், துப்புரவு, அலுவலகச் செலவு போன்ற சேவைக் கட்டணங்கள் வீட்டின் பரப்பைக் கருதாமல் எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கப்படுகின்றன. தண்ணீருக்கான கட்டணம் குழாய் இணைப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆனால் அதே மாநிலத்தில், 1970 ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்கீழ் அமைந்த குடியிருப்புகளில், ஒவ்வொருவருக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கின் விகிதத்தில் செலவு பிரிகிறது. பெரிய வீட்டுக்காரர் அங்கே அதிகம் தர வேண்டும். ஒரே தெருவில் எதிரெதிராக நிற்கும் இரண்டு கட்டடங்களில் இரண்டு முறைகள் இருக்கலாம். வாங்கும் முன், அது எவ்வகைச் சங்கம் என்று கேட்பது அவசியம்.

சென்னை, பெங்களூரு, டெல்லியைச் சுற்றியுள்ள நகரங்கள் ஆகியவற்றில் சதுர அடிக்கு இவ்வளவு என்ற முறையே பரவலாகக் காணப்படுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, எந்தச் சதுர அடி என்பது. 2016 ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, வந்த பிறகு விற்பனை ஆவணத்தில் கார்பெட் ஏரியா, அதாவது சுவர்களுக்குள் நாம் பயன்படுத்தும் பரப்பு, குறிப்பிடப்படுகிறது. பராமரிப்புக் கட்டணமோ இன்றும் பல இடங்களில், படிக்கட்டு, நடைவழி ஆகியவற்றின் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் பரப்பின் மீது கணக்கிடப்படுகிறது. 800 சதுர அடி வீடு, கட்டணச் சீட்டில் 1,100 சதுர அடியாகத் தோன்றும். சதுர அடிக்கு நான்கு ரூபாய் என்றால், ரூ. 3,200 என்று நாம் போட்ட மனக்கணக்கு ரூ. 4,400 ஆக மாறும்.

செலவின் காரணங்களும் ஊருக்கு ஊர் மாறும். மாநகராட்சிக் குழாய் எட்டாத பெங்களூரின் புறநகர்க் குடியிருப்புகளில் தண்ணீர் லாரிக்கான செலவு கட்டணத்தை உயர்த்துகிறது. 2024 கோடையில் அதன் கடுமையை அந்நகரம் முழுவதும் உணர்ந்தது. டெல்லியை அடுத்த நகரங்களில் ஜெனரேட்டருக்கான டீசல் பெரிய செலவு. பெரிய வளாகங்களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்க வேண்டும். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், கிளப் ஹவுஸ் ஆகியவை விளம்பரப் படத்தில் இலவசம்போல் தோன்றும். அவற்றைப் பராமரிக்கும் ஆட்களின் சம்பளம் நம் கட்டணத்தில்தான் இருக்கிறது.

"நான் தரைத்தளத்தில் இருக்கிறேன், மின்தூக்கிக்கு ஏன் பணம் தர வேண்டும்?" என்று கேட்பவர்கள் எல்லாக் குடியிருப்பிலும் உண்டு. மகாராஷ்டிரம், கர்நாடகம் போன்ற மாநிலங்களின் அடுக்குமாடி உரிமைச் சட்டங்கள் இதற்குத் தெளிவாக விடை சொல்கின்றன: பொது வசதியைப் பயன்படுத்தவில்லை என்பதாலோ, வீட்டைப் பூட்டி வைத்திருப்பதாலோ பொதுச் செலவில் தன் பங்கைச் செலுத்தும் பொறுப்பிலிருந்து ஓர் உரிமையாளர் விலக முடியாது. நீந்தத் தெரியாதவரும் நீச்சல் குளத்துக்குப் பணம் தர வேண்டும். எனவே, நமக்குத் தேவையற்ற வசதிகள் நிறைந்த வளாகத்தில் வீடு வாங்குவதா என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கட்டணத்தைக் கடனாக மாற்றிப் பாருங்கள்

இரண்டு வீடுகளை ஒப்பிடுவதற்கு ஓர் எளிய வழி சொல்கிறேன். 8.5 விழுக்காடு வட்டியில், இருபது ஆண்டுக் கடனுக்கு, ஒரு லட்சத்துக்கான மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 868. பராமரிப்புக் கட்டணத்தை 868 ஆல் வகுத்தால், அது எத்தனை லட்சம் கடனுக்குச் சமம் என்பது கிடைக்கும். மாதம் ரூ. 4,400 என்பது ஐந்து லட்சம் ரூபாய்க் கடனுக்கான தவணைக்குச் சமம்.

இப்போது ஓர் ஒப்பீடு. முதல் வீட்டின் விலை 45 லட்சம், பராமரிப்பு ரூ. 2,000. இரண்டாவது வீட்டின் விலை 42 லட்சம், பல வசதிகள் உள்ள வளாகம், பராமரிப்பு ரூ. 5,500. இரண்டாவது வீடு மூன்று லட்சம் மலிவு என்று தோன்றும். கட்டண வேறுபாடு ரூ. 3,500. இது நான்கு லட்சம் ரூபாய்க் கடனின் தவணை. மாதச் செலவின் கோணத்தில், மலிவாகத் தோன்றிய வீடே விலை கூடியது. முதல் வீட்டின் ரூ. 2,000 இல் எதிர்கால நிதிக்கு உரிய பங்கு இருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகே இந்த ஒப்பீடு முழுமையாகும்.

கட்டணம் நிலையாகவும் இருப்பதில்லை. ஆட்களின் ஊதியமும் மின்கட்டணமும் உயரும்போது அதுவும் உயரும். ரூ. 4,400 கட்டணம் ஆண்டுக்கு ஆறு விழுக்காடு உயர்வதாகக் கொண்டால், இருபது ஆண்டுகளில் அது மாதம் ரூ. 14,000 ஐத் தாண்டும். அந்த இருபது ஆண்டுகளில் மொத்தமாகச் செலுத்தியிருக்கும் தொகை 19 லட்சம் ரூபாய்க்கும் மேல். ஐம்பது வயதில் வீடு வாங்குபவர் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். அவருடைய சம்பளம் நிற்கும் நாளில் வங்கித் தவணை நின்றுவிடலாம். சங்கத் தவணை அப்போதுதான் உச்சத்தை நோக்கிச் சென்றுகொண்டிருக்கும்.

வரிச்சலுகையையும் எதிர்பார்க்க வேண்டாம். தாம் குடியிருக்கும் வீட்டுக்குச் செலுத்தும் பராமரிப்புக் கட்டணத்துக்கு வருமான வரியில் கழிவு இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு அளிக்கப்படும் 30 விழுக்காடு நிலைக்கழிவிலேயே இச்செலவும் அடங்கிவிடுகிறது. தனியாகக் கழிக்க இயலாது.

சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. சங்கத்தின் ஆண்டு வரவு இருபது லட்சம் ரூபாயைத் தாண்டி, உறுப்பினர் ஒருவரின் கட்டணம் மாதம் ரூ. 7,500 ஐயும் தாண்டினால் 18 விழுக்காடு வரி வரும். தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்று 2019 ஜூலையில் வரித்துறை சுற்றறிக்கை வெளியிட்டது. ரூ. 7,500 க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே வரி என்று 2021 இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் ரூ. 7,600 என்றால், முதல் முறையில் வரி ரூ. 1,368, இரண்டாவது முறையில் ரூ. 18. நீங்கள் வாங்கவிருக்கும் குடியிருப்பின் சங்கம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

புதிய வீடு வாங்குவோருக்கு

புதிய கட்டடத்தில் சாவி பெறும் நாளில் இரண்டு தொகைகள் கேட்கப்படும். ஒன்று, ஓராண்டு அல்லது ஈராண்டுக்கான முன்பணப் பராமரிப்பு. மற்றொன்று, கார்பஸ் நிதி எனப்படும் ஒருமுறை வைப்பு. இவற்றைப் பெரும்பாலும் கையிருப்பிலிருந்தே கொடுக்க வேண்டும். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் ஆகியவற்றோடு இவற்றையும் முன்கூட்டியே திட்டமிடாதவர்கள், கடைசி வாரத்தில் தனிநபர் கடன் கேட்டு வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கார்பஸ் நிதி கட்டுநரின் கையில் தனிக் கணக்கில் இருக்கிறதா, சங்கம் அமைந்ததும் எப்போது ஒப்படைக்கப்படும் என்பவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ரெரா சட்டம் இங்கே நமக்குத் துணை நிற்கிறது. சங்கம் பொறுப்பேற்கும்வரை அத்தியாவசியச் சேவைகளை நியாயமான கட்டணத்தில் வழங்கிப் பராமரிப்பது கட்டுநரின் கடமை. மாநிலச் சட்டம் வேறு காலக்கெடு விதிக்காத நிலையில், பெரும்பான்மை வீடுகள் பதிவான மூன்று மாதங்களுக்குள் சங்கம் அமைய அவர் வழி செய்ய வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைபாட்டை, முறையிட்ட முப்பது நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்வதும் அவர் பொறுப்பு. இந்தக் கடைசி விதியை அறியாத சங்கங்கள், கட்டுநர் செய்ய வேண்டிய நீர்க்கசிவு வேலையை உறுப்பினர்களின் பராமரிப்புப் பணத்திலிருந்து செய்துவிடுகின்றன. அதே சட்டம் வாங்குபவருக்கும் கடமை விதிக்கிறது: சங்கம் அமைவதில் பங்கேற்க வேண்டும், பராமரிப்புக் கட்டணத்தில் தம் பங்கை உரிய காலத்தில் செலுத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2022 ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. சொந்த மாநிலத்தில் வீடு வாங்க எண்ணும் வெளிமாநில வாசகர்கள் இதைக் கருத்தில் கொள்ளலாம்.

பழைய வீடும் ஏல வீடும்

மறுவிற்பனையில் வாங்குபவர் சங்கத்திடமிருந்து நிலுவையில்லாச் சான்று பெறாமல் முழுப்பணத்தையும் கொடுக்கக் கூடாது. விற்றவர் வைத்துச் சென்ற பாக்கிக்கு, கதவில் பெயர்ப் பலகை மாட்டியவரிடமே சங்கம் வந்து நிற்கும். வங்கிகள் கடன் வசூலுக்காக ஏலம் விடும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையுடன் அவை விற்கப்படுகின்றன. கடனைக் கட்ட இயலாதவர் பல ஆண்டுகளாகச் சங்கத்துக்கும் கட்டியிருக்க மாட்டார். ஏலத்தில் விலை கேட்கும் முன் சங்க அலுவலகத்துக்குச் சென்று நிலுவை எவ்வளவு என்று விசாரித்து, அத்தொகையைக் கழித்துக்கொண்டு விலை கேட்பதே அறிவுடைமை.

வாடகைக்கு விடும் நோக்கத்தில் வாங்குபவர்கள், மகாராஷ்டிரத்தில் உரிமையாளர் குடியிருக்காத வீட்டுக்கான கூடுதல் கட்டணம் சேவைக் கட்டணத்தில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதை அறிந்திருக்க வேண்டும். சங்க உறுப்பினர் உரிமையை மாற்றுவதற்கான பிரீமியத்துக்கும் அங்கே ரூ. 25,000 என்ற உச்சவரம்பு உண்டு.

எந்த வீடாயினும், முன்பணம் கொடுக்கும் முன் சங்கத்திடம் ஐந்து காகிதங்களைக் கேளுங்கள்: கடைசி மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, எதிர்கால நிதியின் இன்றைய இருப்பைக் காட்டும் வங்கிச் சான்று, துணைவிதிகள், கடைசிப் பொதுக்குழுவின் தீர்மானப் பதிவு, உறுப்பினர்கள் வைத்துள்ள நிலுவைப் பட்டியலின் மொத்தத் தொகை. இவற்றோடு மின்தூக்கியின் வயதையும் கேளுங்கள். நூறு வீடுகளில் இருபது வீடுகள் கட்டணம் செலுத்தவில்லை என்றால், அச்சுமை மற்ற எண்பது வீடுகளின் தலையில்தான் விழும். இக்காகிதங்களைத் தர ஒரு சங்கம் தயங்கினால், அத்தயக்கத்தையே ஆறாவது காகிதமாகக் கொள்ளலாம்.

எங்கள் பங்கு

கடைசியாக, என் துறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடன் தகுதியைக் கணக்கிடும்போது நாங்கள் வருமானத்தைப் பார்க்கிறோம். ஏற்கெனவே உள்ள தவணைகளைக் கழிக்கிறோம். பராமரிப்புக் கட்டணத்தை ஒரு நிலையான பொறுப்பாகக் கருதிக் கழிக்கும் பழக்கம் எங்களிடையே போதுமான அளவு வேரூன்றவில்லை. ஒரு நகைக்கடன் தவணையைவிட அது எவ்விதத்தில் இலேசானது? நகைக்கடன் ஓராண்டில் தீர்ந்துவிடும். வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் பராமரிப்புக் கட்டணத்துக்கு ஒரு கட்டமும், சங்கத்தின் நிதி இருப்புக்கு ஒரு கட்டமும் இருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட கருத்து. இதனால் சிலருக்குக் கடன் தொகை ஓரிரு லட்சம் குறையும். அப்போது அவர்கள் வருந்தலாம். பின்னாளில் வைப்புத்தொகையை முறிக்க வருவதைக் காட்டிலும் அவ்வருத்தம் சிறியது. வங்கிக்கும் இதில் நலன் உண்டு: நாங்கள் அடமானமாக வைத்திருப்பது அந்தக் கட்டடத்தில் உள்ள வீட்டைத்தான். கூரை ஒழுகினால் எங்கள் பிணையமும் சேர்ந்தே ஒழுகும்.

விதி வரும்வரை காத்திராமல் நானே ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். வீட்டுக் கடன் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் பராமரிப்புக் கட்டணச் சீட்டின் நகல் ஒன்றைக் கேட்கிறேன். பலர் வியப்புடன் பார்க்கிறார்கள். சிலர் மறுநாள் திரும்பி வந்து, "சார், நிதியில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசட்டுமா?" என்று கேட்கிறார்கள். பேசுங்கள் என்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் மாதக் கட்டணம் இப்போது ரூ. 3,900. அதில் எதிர்கால நிதிக்கு மட்டும் ரூ. 900 ஒதுக்குகிறோம். அந்தத் தீர்மானம் வந்த பொதுக்குழுவில் வழக்கம்போல் எதிர்ப்பு எழுந்தது. ஓய்வூதியத்தில் வாழ்பவர்களால் எப்படிக் கட்ட முடியும் என்று ஒருவர் கேட்டார். அப்போது பின்வரிசையில் அமர்ந்திருந்த மேல்தளத்து அம்மா எழுந்தார். "மாசாமாசம் தொள்ளாயிரம்னா என்னால கட்ட முடியும். ஒரே நாள்ல ஒன்னேகால் லட்சம்தான் கட்ட முடியாது" என்றார். தீர்மானம் நிறைவேறியது. அன்று யாரும் கைதட்டவில்லை.